முக்காலி டீச்சர்

முக்காலிதான் முதலில் வகுப்புக்குள் நுழையும். ஆள் அதன் பின்னால் வருவார். வலது கையில் முக்காலி, இடது கையில் நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாள், காதுக்கு மேலே செருகிய பென்சில். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு ஒரு தலையசைப்பு. அதோடு அந்த ஆசிரியரைச் சுத்தமாக மறந்துவிடுவார். இரண்டு வரிசைகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு, முழங்கால் தாடையைத் தொடுகிற மாதிரி குறுகி உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். அடுத்த முக்கால் மணி நேரம் அந்தக் கண் மூன்றே மூன்று பிள்ளைகளை விட்டு நகராது. வெளியே லாரி கவிழ்ந்தாலும் நகராது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு அவர்தான். வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவருடைய நடை. கணவர் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் அந்த நடையை வைத்து நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் டீச்சர். மற்ற வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முக்காலி டீச்சர். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "மூணாங்கிளாஸ் டீச்சருக்கு மூணு காலு. பொருத்தமாத்தான் சார் வச்சிருக்காங்க" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

முக்காலி அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது. மேல் தட்டில் இருக்கும் டப்பாக்களை எடுப்பதற்காக வாங்கியது. ஒரு கால் குட்டை, அதனால் ஒரு பக்கமாகச் சாயும். அந்தக் காலுக்கு அடியில் பிள்ளைகள் உபயோகிக்கிற ரப்பர் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். முக்காலி பள்ளிக்கூடத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு மேல் தட்டு வேலையெல்லாம் கணவர் தலையில் விழுந்துவிட்டது. மனிதர் ஆறடி உயரம். "என்னைக் கட்டிக்கிட்டதே டப்பா எடுக்கத்தான்னு இப்பத்தான் சார் புரியுது" என்று ஒருநாள் பள்ளி வாசலில் என்னிடம் முறையிட்டார். நாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போய், "அண்ணி எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தாக்கூட முக்காலியப் போட்டு யாரையாவது மூணு பேரைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க" என்று சொல்கிறாராம்.

நாற்காலி ஏன் கூடாது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நாற்காலில உட்கார்ந்தா பிள்ளைங்களோட உச்சந்தலைதான் சார் தெரியும். எழுதுறது உச்சந்தலையிலயா நடக்குது?"

இனி நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு எடுக்கிறவன். என் குரல் கொஞ்சம் பெரியது. விளையாட்டு மைதானத்தின் கடைசியில் இருக்கும் தண்ணீர்க் குழாய் வரைக்கும் என் பாடம் கேட்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன். இன்னொருவர் வந்து என் வகுப்பில் உட்கார்வதா என்று ஒரு வருஷம் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஆகவே அவரைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் பரிகாரமும் கலந்திருக்கிறது.

அவர் தொடங்கி வைத்த வழக்கம் இதுதான். புதன்கிழமை கடைசி மணியில் எல்லா வகுப்புகளுக்கும் விளையாட்டு. அந்த நேரத்தில் இரண்டாம் வகுப்பின் புது டீச்சர், மூன்றாம் வகுப்பின் இவர், நான்காம் வகுப்பின் நான், ஐந்தாம் வகுப்பின் கடிகார சார் ஆகிய நால்வரும் நூலக அறையில் கூடுவோம். அறையில் பாதி நூலகம், பாதி உடைந்த பெஞ்சுகள். கடிகார சாருக்கு அந்தப் பெயர் வந்தது, எதைச் சொன்னாலும் எத்தனை நிமிஷம் என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதால். நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவோம். வாசிப்புக்கோ எழுத்துக்கோ ஒரே ஒரு பாடம். அதற்கே மூன்று புதன்கிழமை ஆகும். பிறகு ஒருவர் தன் வகுப்பில் அதை நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அடுத்த புதன்கிழமை, பார்த்ததைப் பேசுவோம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அவர் போட்ட சட்டங்கள்தான் உயிரை வாங்கும். ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். தாளில் பிள்ளையின் பெயரை எழுதக் கூடாது. "பேரை எழுதினா பழைய மார்க்கும் கூடவே வந்து உட்கார்ந்துக்கும்" என்பார். அதனால் எங்கள் தாள்களில் பிள்ளைகள் எல்லாம் தண்ணி பாட்டில், சுருட்டை முடி, ஜன்னலோரம், ரெண்டு பின்னல் என்றுதான் இருப்பார்கள். பேசும்போது 'நினைக்கிறேன்' என்று தொடங்கினால் மேஜையில் பென்சிலால் ஒரு தட்டு விழும். "நினைச்சதை வீட்டுல வச்சுட்டு வாங்க. பார்த்ததைச் சொல்லுங்க." எல்லாவற்றையும்விடக் கொடுமையான சட்டம் கடைசியில் இருக்கிறது: பிள்ளை எழுத்தில் திணறும்போது பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. வேறு எந்தத் தொழில்காரரும் இந்தச் சட்டத்தைச் சிரமமாக நினைக்க மாட்டார்கள். ஆசிரியருக்கு அது மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பது மாதிரி.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். வெட்கப்படாமல் சொல்வார். சில வருஷங்களுக்கு முன்னால் அவர் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே, கணீரென்று வாசிப்பான். வருஷக் கடைசி அறிக்கையில் அவனுக்கு 'சரளமாக வாசிக்கிறான்' என்று எழுதினார். மூன்று வருஷம் கழித்து அவன் பெரிய பள்ளிக்குப் போன பிறகு ஒருநாள் அவன் அம்மா வந்தார். துணி தைக்கிறவர், ஊசி கோத்த நூல் அப்படியே சேலையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். பழைய அறிக்கையை எடுத்து மேஜை மேல் விரித்தார். கோபமே இல்லை. "டீச்சர், நீங்க எழுதியிருக்கிறதை அவனாலயே வாசிக்க முடியல" என்றார்.

பையன் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். விரல் மட்டும் வரியில் ஓடியிருக்கிறது. "நான் ஒரு வருஷம் அவன் குரலைக் கேட்டேன் சார். ஒரு நாளாவது அவன் கண்ணைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கண்ணு புத்தகத்துலயே இல்ல" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். பையனை மாலை வேளைகளில் வரச் சொல்லி அடுத்த எட்டு மாதம் உட்கார வைத்தார். அவன் இப்போது நன்றாகவே வாசிக்கிறான். அந்த அறிக்கையை மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி, தன் பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறார். முக்காலி பள்ளிக்கு வந்தது அந்த அம்மா வந்துபோன அடுத்த வாரம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியை சொன்னதற்காக வேண்டா வெறுப்பாக ஒருநாள் என் வகுப்புக் கதவைத் திறந்துவிட்டேன். சேர்ந்து வாசிக்கும் பாடம். நான் முழங்க, நாற்பது பிள்ளைகளும் பின்னால் முழங்க, சுவர் அதிர்ந்தது. அதற்கடுத்த புதன்கிழமை, பாராட்டு வரும் என்று மீசையைத் தடவிக்கொண்டு நூலக அறைக்குப் போனேன். புது டீச்சர் தன் தாளைப் பார்த்து மெல்லிய குரலில், "தண்ணி பாட்டில்... நாற்பது நிமிஷமும் எல்லாரும் வாயைத் திறந்ததுக்கு அப்புறம்தான் சார் வாயைத் திறந்தா. கடைசி எழுத்தை மட்டும் சேர்ந்து சொன்னா" என்றார். கடிகார சாரின் மூன்று பேரில் இருவர் அப்படியே. முக்காலி டீச்சர் தன் தாளை மடித்துக்கொண்டே, "உங்க குரல் ரொம்ப நல்லா வாசிக்குது சார்" என்றார்.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் தண்ணி பாட்டிலைத் தனியாகப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். புது டீச்சர் பார்த்தது உண்மை. அடுத்த புதன்கிழமை நான்தான் நூலக அறைக்கு முதலில் போய் உட்கார்ந்தேன்.

அவருக்கும் அந்த மேஜையில் அடி விழுந்தது. அதை அவர் வாங்கிக்கொண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் வகுப்பில் ஜன்னலோரம் என்று நாங்கள் குறிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். உண்மையாகவே வாசிப்பாள், கண்ணும் வரியிலேயே இருக்கும். போர்டில் இருப்பதை அச்சடித்த மாதிரி எழுதுவாள். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம்? ஜூன் மாதத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. வெற்றுத் தாளைக் கொடுத்தால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். என்னென்னவோ செய்து பார்த்தும் டீச்சருக்குக் காரணம் பிடிபடவில்லை. அவர் பாடம் எடுத்த அன்றைக்கு ஜன்னலோரத்தைப் பார்த்தவர் கடிகார சார்.

"ஜன்னலோரம் தாளைப் பார்க்கல. உங்க முகத்தைப் பார்த்தா. நீங்க நாலு செகண்டுல கிட்ட வந்து ஒரு வார்த்தை குடுத்தீங்க. அவ எழுதினா. திரும்ப முகத்தைப் பார்த்தா. திரும்ப நாலு செகண்டு. பதினேழு தடவை நடந்துச்சு, டீச்சர்."

முக்காலி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அட, நானா!" என்று கத்தினார். "அவளுக்கு எழுத வராதுன்னு நினைச்சேனே, அவ எழுதாம இருக்கிறதுக்குக் காரணமே நான்தானா! சார், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" முகமெல்லாம் பூரிப்பு. தொலைந்த சாவி தன் இடுப்பிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தவர் எப்படி ஆடுவாரோ அப்படி உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே இரண்டு சுற்று நடந்தார். தன் தப்பைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவரிடம் ஒரு புதுப் பழக்கம். பிள்ளைகள் எழுதும்போது வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். "வலது கை என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது சார். தானா நீளுது" என்று அலுத்துக்கொள்வார்.

இதற்கிடையில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமைகளில் நான்கு ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதாகவும், மற்ற நாட்களில் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகவும் புகார். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து இருபத்தெட்டு ஆசிரியர்களையும் அழைத்து வருவார். பிடித்திருந்தால் அந்தப் பள்ளிகளுக்கும் இந்த மணி நேரம் கிடைக்கும்; பிடிக்காவிட்டால் எங்களுக்கும் அடுத்த மாதத்திலிருந்து கிடையாது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை கடிதத்தை வாசித்துவிட்டு, "யார் பாடம் எடுக்கறீங்க?" என்று கேட்டார். முக்காலி டீச்சர் கையைத் தூக்கினார், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.

பாடத்தை நால்வரும் சேர்ந்துதான் செய்தோம். மூன்று புதன்கிழமையும் போதாமல், மதிய இடைவேளை, பஸ் நிறுத்தம், கைகழுவும் தொட்டி என்று எங்கே சந்தித்தாலும் அதே பேச்சு. படத்தைக் காட்டலாமா? கதையைப் பாதியில் நிறுத்தலாமா? கடைசியில் புது டீச்சர்தான் சொன்னார்: மேஜை மேல் ஒரு ஒற்றைச் செருப்பை வைப்போம். இது யாருடையது, இன்னொன்று எங்கே போனது, எழுதுங்கள் என்போம். அவ்வளவுதான். நாங்கள் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்ததில் அடுக்கியிருந்த பெஞ்சு ஒன்று சரிந்தது.

பாடம் நடக்கும் நாள் காலையில் அலுவலக அறைத் தொலைபேசிக்கு முக்காலி டீச்சரின் கணவர் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். "சார், டியூட்டிக்குக் கிளம்பணும். என் ஒத்தச் செருப்பைக் காணோம். அவ ஏதாவது எடுத்துட்டு வந்தாளா?" என்றார். செருப்பு அதற்குள் மூன்றாம் வகுப்பு மேஜை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகள் முப்பத்தொரு பேர். எங்கள் மூவரையும் சேர்த்துப் பார்க்க வந்த ஆசிரியர்களும் முப்பத்தொரு பேர். முக்காலி டீச்சர் ஆளுக்கொரு பிள்ளை என்று பிரித்துக்கொடுத்தார். அத்தனை பேருக்கும் சட்டங்களைச் சொன்னார். வாயைத் திறக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். முப்பத்தொரு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். அதிகாரி தலைமையாசிரியையோடு கதவருகே நின்றார். நெட்டை மனிதர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கோப்பு.

செருப்பைப் பார்த்ததுமே வகுப்பு கலகலத்தது. கேள்வியைச் சொன்னார், தாளைக் கொடுத்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போர்டு பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அங்கேதான் ஏமாந்தார். அவர் தன் ஒரு கையைத்தான் கட்டிப்போட்டிருந்தார். அறையில் இன்னும் முப்பத்தொரு வலது கைகள் இருந்தன.

எனக்குக் கிடைத்தவன் சுருட்டை முடி. பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஒரு நிமிஷம் பொறுத்தேன். இரண்டு நிமிஷம். அந்த வெற்றுத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள், பையன் ஒன்றும் எழுதாமல் போனால் டீச்சருக்கு அல்லவா கெட்ட பெயர்? குனிந்து அவன் காதில், "செருப்பு எதுக்குப் போடுறோம்?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சரி, 'பாதுகாக்கிறது' என்ற வார்த்தையையும் சொன்னேன்.

இருபது நிமிஷத்தில் முப்பத்தொரு தாளும் நிரம்பிவிட்டன. அதிகாரி நடந்து நடந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது. "பிரமாதம்! ஒரு பிள்ளைகூட சும்மா இல்லையே! இதைத்தானே நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். கோப்பைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டார். புதன்கிழமை மணி எங்கள் மடியில் வந்து விழுந்த மாதிரிதான். கடிகார சார் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

முக்காலி டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு நம் பாதங்களைப் பாதுகாக்கிறது. காலணி அணிவது உடல்நலத்துக்கு நல்லது. செருப்பு பாதங்களைப் பாதுகாக்கிறது. நாம் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். செருப்பு நம்மைப் பாதுகாக்கிறது. ஜன்னலோரத்தின் தாளை அதிக நேரம் பார்த்தார். அதிலும் காலணி, அதிலும் உடல்நலம், அச்சடித்த கையெழுத்தில். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருங்கள் தாயே, கையெழுத்துப் போடட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சார், கொஞ்சம் பொறுங்க" என்றார் அதிகாரியிடம். "இது பிள்ளைங்க எழுதினது இல்ல. நாம எழுதினது."

"நல்லாத்தானே டீச்சர் வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு சார். எட்டு வயசுப் பிள்ளை உடல்நலம்னு எழுதுமா?" பையின் உள் ஜிப்பைத் திறந்து அந்தப் பழைய அறிக்கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவை இப்படித்தான் கேக்குறதுக்கு நல்லா இருக்குன்னு ஏமாந்து, சரளமாக வாசிக்கிறான்னு எழுதிக் குடுத்தேன். அந்தப் பையனுக்கு இதை வாசிக்கத் தெரியல. இன்னைக்கு இதை நீங்க நம்பிட்டீங்கன்னா, நான் முப்பத்தொரு பேருக்கு அதையே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். எங்களுக்குப் புதன்கிழமை கிடைக்காமப் போனாலும் போகட்டும்."

பேனா அந்தரத்தில் நின்றது. தலைமையாசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முக்காலி டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று குனிந்துகொண்டோம். அவருக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உண்மையச் சொல்லுங்க. யார் யார் சொல்லிக் குடுத்தீங்க? கையைத் தூக்குங்க."

முதலில் புது டீச்சரின் கை. பிறகு தடித்த கண்ணாடி போட்ட ஒரு வெளியூர் டீச்சர். ஜன்னலோரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். பிறகு இரண்டிரண்டாக, நான்கு நான்காக. நான் தூக்கினேன். என் கை பெரிய கை, மறைக்க முடியாது. கடைசியில், மணிக்கட்டில் கடிகாரம் மின்ன, கடிகார சாரின் கையும் எழுந்தது. பிள்ளைகள் ஒரு கணம் திகைத்தார்கள். டீச்சர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள் என்று புரிந்ததும் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள்! பெஞ்சைத் தட்டிக் குதித்தார்கள். சுருட்டை முடி என்னை விரலால் சுட்டிக் காட்டி, "இந்த சாரும்தான்! இந்த சாரும்தான்!" என்று கத்தினான்.

"சரி, இப்போ எல்லா டீச்சரும் சாரும் அவங்கவங்க கை மேல உட்காருங்க" என்றார் முக்காலி டீச்சர்.

உட்கார்ந்தோம். முப்பத்தொரு பெரியவர்கள் உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதுத் தாள் கொடுத்தார். "முதல்ல எழுதினதை மறந்துடுங்க. செருப்பைப் பாருங்க. என்ன தோணுதோ அதை எழுதுங்க. ஒரு வார்த்தை எழுதினாலும் சரி. யாரும் வந்து சொல்ல மாட்டாங்க."

அறை அடங்கியது. ஐந்து நிமிஷம் வரைக்கும் சுருட்டை முடி ஒன்றும் எழுதவில்லை. என் கைகள் மரத்துப்போயின. அவன் ஒருதரம் என்னைப் பார்த்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிடைக்காது என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு, குனிந்து, எழுதத் தொடங்கினான். 'பஸ் ஏறும்போது கழண்டு விழுந்துச்சு. எடுக்கப் போனா பஸ் போயிடும். அவர் பஸ்தான் முக்கியம்னு நினைச்சார்.' எழுத்துப் பிழை நாலைந்து இருந்தன. இருந்தால் இருக்கட்டும். எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. கை சிக்கியிருந்ததால் தப்பித்தேன்.

அறை முழுக்க அவரவர் சொந்தச் சரக்குதான். சில தாள்கள் காலியாகவே இருந்தன. சிலவற்றில் இரண்டு வார்த்தை. ஒருவன் செருப்பின் படத்தை வரைந்து அதன் வாயிலிருந்து 'என் தம்பி எங்கே' என்று பேச விட்டிருந்தான். எவனும் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மணி அடித்தது. வெளியூர் ஆசிரியர்கள் கைகளை உதறிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்த வேகத்தில் வராந்தாவில் ஒரே பேச்சு. "என் பொண்ணு எட்டு நிமிஷம் ஒண்ணுமே எழுதல, அப்புறம் கொட்டிட்டா!" "என் பையன் எழுதிட்டு, தானே வாசிச்சுப் பார்த்து, தானே அழிச்சான்!" ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவரால் பொறுக்க முடியவில்லை. ஒருவர் வாயிலும் 'நினைக்கிறேன்' வரவில்லை. எல்லாம் பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்தான்.

ஜன்னலோரம் மட்டும் எழுந்திருக்கவில்லை. தடித்த கண்ணாடி டீச்சரும் எழுந்திருக்கவில்லை. கை இன்னும் தொடைக்கு அடியில்தான். முக்காலி டீச்சர் முக்காலியோடு போய் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். நானும் சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். தாளில் மூன்று வரிகள் இருந்தன. 'செருப்புக்காரங்க ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. ரொம்ப வெட்கமா இருந்துச்சு. யாரும் பார்க்கலைன்னு நினைச்சாங்க.' ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் நால்வரும் காத்திருந்த எழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்போது அதிகாரி கோப்போடு வந்தார். "டீச்சர், ஒரு நிமிஷம். அந்தப் புதன்கிழமை விஷயம்..." என்று ஆரம்பித்தார். முக்காலி டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். எழுந்து, முக்காலியைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளினார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்த நெட்டை உடம்பை மடித்து மடித்து அதன் மேல் இறக்கினார். முழங்கால் தாடைக்கு வந்தது. கண் தாளுக்கு நேராக வந்தது. வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். தலையைத் திருப்பாமலே, பின்னால் நின்ற தலைமையாசிரியையிடம் கிசுகிசுத்தார்: "அடுத்த புதன்கிழமை நானும் வந்து உட்காரலாமா?"

ஜன்னலோரம் நான்காவது வரியில் 'நான்' என்று எழுதியிருந்தாள். அங்கே பென்சில் நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் பின்னால் நின்றதால் எனக்குத் தெரிந்தது: முதுகுக்குப் பின்னே டீச்சரின் இடது கை, வலது கை மணிக்கட்டை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தது. ஐந்து. ஆறு. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பென்சில் நகர்ந்தது. டீச்சர் பிடியை விடவில்லை.